வெட்டுக்காயத்துக்குப் பச்சிலை: தோட்டத்து வைத்தியத்தில் எது சரி, எது ஆபத்து?

பால் வெட்டும் கத்தி விரலில் பட்டுவிட்டது. செம்பனை முள் காலில் ஏறிவிட்டது. சமையலறையில் வெங்காயம் நறுக்கும்போது கை அறுத்துவிட்டது. "அந்தச் செடியைக் கிள்ளிக்கிட்டு வா, கசக்கி வச்சா ரத்தம் நின்னுடும்" என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார்.

சிரம்பான் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த எந்தக் குடும்பத்துக்கும் இது புதிதல்ல. லாபு, ரந்தாவ், மந்தின், சிலியாவ், லிங்கி, பகாவ் என்று எங்கே போனாலும் இந்த வைத்தியம் தெரிந்த மூத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் "அந்தச் செடி" எந்தச் செடி? அது உண்மையிலேயே வேலை செய்கிறதா? எப்போது அதை நம்பலாம், எப்போது நேரே கிளினிக்குக்குப் போக வேண்டும்?

முதலில் சுருக்கமாக:

• சில பச்சிலைகளுக்கு ரத்தத்தை நிறுத்தும், கிருமியைத் தடுக்கும் தன்மை இருப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. மனிதர்களிடம் நடந்த தரமான ஆய்வுகள் மிகக் குறைவு.
• சிறு காயம் ஆறுவதற்கு மிக முக்கியம் சுத்தமான தண்ணீரும் அழுத்திப் பிடிப்பதும்தான்.
• மண், சாணம், துரு, முள் சம்பந்தப்பட்ட காயத்துக்குப் பச்சிலை போதாது. டெட்டனஸ் ஊசியை எந்த இலையாலும் ஈடுகட்ட முடியாது.
• இனிப்பு நீர் உள்ளவர்கள் காலில் காயம்பட்டால் வீட்டு வைத்தியம் செய்து காத்திருக்கக் கூடாது.

தோட்டத்தில் இந்த வைத்தியம் ஏன் வேர் பிடித்தது?

நெகிரி செம்பிலானில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காப்பித் தோட்டங்களும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் தோட்டங்களும் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் குப்பைமேனி, வேப்பிலை, மஞ்சள் பற்றிய அறிவையும் கூடவே கொண்டுவந்தார்கள். இங்கே வந்த பிறகு, மலாய்க் கிராமங்களில் பயன்படுத்திய செடிகளையும் தெரிந்துகொண்டார்கள். தோட்டத்து வைத்தியம் என்பது இந்த இரண்டும் கலந்தது.

சட்டப்படி தொழிலாளர்களின் மருத்துவம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டத்திலும் இது இருந்தது. பெரிய தோட்டங்களில் மருத்துவமனை இருந்தது. மற்ற இடங்களில் 'டிரெசர்' இருந்தார். ஊதா மருந்தும் மஞ்சள் மருந்தும் அவரிடம்தான் கிடைக்கும்.

ஆனால் பால் வெட்டு விடியும் முன்பே தொடங்கிவிடும். தலையில் விளக்கு, கையில் கத்தி, சுற்றிலும் இருட்டு. நிரையின் நடுவே கை வெட்டுப்பட்டால் டிரெசர் அறைக்குப் போய்வர நேரமாகும். அன்றைய பால் குறையும், கூலியும் குறையும். அதனால் காலடியில் முளைத்திருந்த செடிதான் முதலுதவிப் பெட்டி.

எந்தெந்தச் செடிகள்?

ஒரே செடிக்கு வீட்டுக்கு வீடு வேறு பெயர் இருக்கும். ஒரே பெயரில் இரண்டு செடிகளும் இருக்கும். அதனால் அடையாளத்தோடு பார்ப்போம்.

வெட்டுக்காயப்பூண்டு: கிணற்றுப்பாசான், தாத்தாப்பூ என்றும் சொல்வார்கள். மலாயில் கஞ்சிங் பாஜு, அதாவது சட்டைப் பொத்தான். தரையோடு படரும், இலையில் பல்வரிசை போன்ற விளிம்பும் சொரசொரப்பான மயிரும் இருக்கும். நீண்ட காம்பின் நுனியில் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் வெள்ளை இதழ்களுமாகப் பூக்கும். நம் ஊர்ச் செடி என்று நினைக்கிறோம். இதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. எலிகளிடம் நடந்த பல ஆய்வுகளில் காயம் ஆறுவதற்கு இது உதவியிருக்கிறது.

கப்பால் தெர்பாங் செடி: 'ஆகாயக் கப்பல்' என்று பொருள்படும் இந்த மலாய்ப் பெயராலேயே நம்மவர்களும் இதை அழைப்பதுண்டு. முக்கோண வடிவ இலை, அதில் தெளிவான மூன்று நரம்புகள், கசக்கினால் கடும் வாசனை. இதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த களைதான். கேரளாவில் இதற்கு 'கம்யூனிஸ்ட் பச்சை' என்று பெயர். ரத்தம் உறைவதை இது விரைவுபடுத்துவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. வியட்நாமில் தீக்காயங்களுக்கு இதன் சாற்றிலிருந்து மருந்தே தயாரித்திருக்கிறார்கள். ஆனால் ஈரலைப் பாதிக்கக்கூடிய வேதிப்பொருள்களும் இந்தச் செடியில் உண்டு. எனவே இதன் சாற்றைக் குடிக்கக் கூடாது.

குப்பைமேனி: பூனை விரும்பிக் கடிக்கும் வேர் கொண்ட செடி. சொறி, சிரங்கு, சிறு புண் ஆகியவற்றுக்கு இலையை உப்போ மஞ்சளோ சேர்த்து அரைத்துப் போடுவது வழக்கம். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டபோது ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்ததாக இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தக் குறைபாடு உண்டா என்று பிறந்தவுடனே சோதிக்கிறார்கள். உங்கள் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தைப் புரட்டினால் தெரியும்.

வேப்பிலை: அம்மை போட்ட வீட்டு வாசலில் தொங்குவது முதல் மாரியம்மன் கோயில் வரை நமக்கு நெருக்கமானது. கிருமிகளைத் தடுக்கும் பொருள்கள் இதில் இருப்பது ஆய்வகங்களில் தெரியவந்துள்ளது.

வல்லாரை: மலாயில் பெகாகா. பசார் மாலாமில் உலாமாகக் கட்டி விற்பார்களே, அதேதான். தோலில் கொலாஜன் உருவாவதைத் தூண்டும் ஏஷியாட்டிகோசைட் என்ற பொருள் இதில் உண்டு. இந்தச் செடியின் சாற்றிலிருந்து தயாரித்த 'மடகசோல்' என்ற களிம்பு பல நாடுகளில் விற்பனையாகிறது. அதாவது, பச்சிலையிலிருந்து மருந்துக்கடை அலமாரி வரை போன செடி இது.

சோற்றுக்கற்றாழை: தீப்பட்ட இடத்தில் குளிர்ச்சிக்காகத் தடவுவது. காயங்களுக்குக் கற்றாழை பற்றிய மருத்துவ ஆய்வுகளை 2012இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. தெளிவான முடிவு சொல்லும் அளவுக்குத் தரமான சான்று இல்லை என்பதுதான் அதன் முடிவு. "வேலை செய்யாது" என்றும் அது சொல்லவில்லை, "செய்யும்" என்றும் சொல்லவில்லை.

தேன்: இது செடி அல்ல, ஆனாலும் பட்டியலில் இருக்க வேண்டியது. மேலோட்டமான தீக்காயங்கள் சில வழக்கமான சிகிச்சைகளைவிடத் தேனில் விரைவாக ஆறுவதாக 2015ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பு காட்டியது. ஆனால் மருத்துவத்துக்கான தேன் காமா கதிரால் கிருமி நீக்கப்பட்டது. புட்டியில் விற்கும் காட்டுத்தேன் அப்படியல்ல. அதில் கிருமிகளின் வித்துகள் இருக்கலாம்.

அமெரிக்கா வரை போன மஞ்சள்

நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் மஞ்சளுக்கு ஒரு நீதிக் கதையே உண்டு. 1995 மார்ச்சில், காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. அதைப் பெற்றது மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம்.

"எங்கள் பாட்டிமார் காலங்காலமாகச் செய்வதை நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?" என்பதுதான் இந்தியாவின் கேள்வி. இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வுக் குழுமம் பழைய நூல்களையும் ஆய்விதழ்களையும் ஆதாரமாகக் காட்டி எதிர்த்தது. 1997இல் காப்புரிமை ரத்தானது. அதற்குப் பிறகுதான், 2001இல், இந்தியாவின் பாரம்பரிய மருத்துவ அறிவைத் தொகுக்கும் மின் நூலகப் பணி தொடங்கியது. சித்த மருத்துவ நூல்களும் அதில் இடம்பெற்றன.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த வழக்கு நிரூபித்தது "இது பழைய அறிவு" என்பதை. "கடையில் வாங்கிய மஞ்சள்தூளைக் காயத்தில் கொட்டலாம்" என்பதை அல்ல. சமையல் மஞ்சள்தூள் கிருமி நீக்கப்பட்டதல்ல. அதில் கலப்படமும் இருக்கலாம். சிலருக்கு ஒவ்வாமையும் வரும். இன்னொரு சிக்கல்: மஞ்சள் நிறம் தோலில் படிந்துவிட்டால், காயத்தைச் சுற்றிச் சிவப்பதைப் பார்க்க முடியாது. சீழ் பிடிப்பதற்கான முதல் அடையாளமே அந்தச் சிவப்புதான்.

ஆறியது இலையாலா, கையாலா?

"எங்க தாத்தாவுக்கு எத்தனை தடவை ஆறியிருக்கு தெரியுமா?" என்று கேட்பார்கள். அது பொய்யல்ல. ஆனால் அங்கே நடந்தது என்ன என்று பிரித்துப் பாருங்கள்.

இலையைக் கசக்கிக் காயத்தில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். அழுத்தம்தான் ரத்தத்தை நிறுத்தும் முதல் வழி. இலையில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் அதற்குக் கொஞ்சம் துணை செய்திருக்கலாம். அந்த ஈரமான பற்று காயத்தைக் காயவிடாமல் மூடியது. 1962இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜார்ஜ் விண்டர் பன்றிகளிடம் சோதித்து, ஈரப்பதத்தோடு மூடப்பட்ட காயம் திறந்து காயவிட்ட காயத்தைவிட விரைவாக ஆறும் என்று காட்டினார். இன்று மருந்துக்கடையில் விற்கும் நவீனக் கட்டுகளுக்கு அடிப்படையே இந்தக் கண்டுபிடிப்புதான்.

இன்னொன்று, ஆழமில்லாத சின்ன வெட்டு எதுவும் போடாவிட்டாலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். ஆகவே இலைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. எல்லாமே இலைதான் என்றும் சொல்ல முடியாது. ஆறிய காயங்களை நாம் கதையாகச் சொல்கிறோம். சீழ் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை "நேரம் சரியில்லை" என்று சொல்லிவிடுகிறோம்.

தோட்டத்துக் காயம் ஏன் தனி?

சமையலறை வெட்டும் தோட்டத்து வெட்டும் ஒன்றல்ல. காரணங்கள் நான்கு.

ஒன்று, டெட்டனஸ். இதன் கிருமி மண்ணிலும் விலங்குச் சாணத்திலும் வித்தாகக் கிடக்கும். துரு பிடித்த ஆணியால் மட்டும்தான் வரும் என்பது தவறான எண்ணம். ஆழமாகக் குத்தும் முள்ளும் போதும். பொதுவாக 3 முதல் 21 நாளுக்குள் தாடை இறுகத் தொடங்கும். மலேசியாவில் குழந்தைப் பருவத் தடுப்பூசிகளோடு 7 வயதிலும் 15 வயதிலும் பள்ளியில் டெட்டனஸ் பூஸ்டர் போடுகிறார்கள். மூன்றாம் படிவத்தில் கையில் குத்தினார்களே, அதுதான். அதற்குப் பிறகு 10 ஆண்டுக்கு ஒரு முறை போட வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம். அழுக்கான காயமாக இருந்து, கடைசி ஊசி போட்டு 5 ஆண்டுக்கு மேலாகியிருந்தால் மருத்துவர் மீண்டும் போடச் சொல்லலாம்.

இரண்டு, மெலியோய்டோசிஸ். மலேசிய மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வருவது. தோலில் உள்ள சிறு காயம் வழியாகவே நுழையும். நுரையீரலையும் ரத்தத்தையும் தாக்கினால் உயிருக்கே ஆபத்து. சிகிச்சை மாதக்கணக்கில் நீளும்.

மூன்று, எலிக் காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரோ மண்ணோ காயத்தில் பட்டால் தொற்றும். செம்பனைத் தோட்டத்தில் எலி இல்லாத இடம் ஏது? 2010 முதல் மலேசியாவில் இது கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோய்.

நான்கு, களைக்கொல்லி. நாம் மருந்து என்று தேடும் செடிகள் தோட்ட நிர்வாகத்துக்குக் களை. நிரைகளிலும் பாதை ஓரத்திலும் மருந்து அடிப்பது வழக்கம். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் வேறு களைக்கொல்லிகள் புழக்கத்தில் உள்ளன. பாட்டி காலத்தில் கிள்ளிய அதே ஓரத்தில் இன்று கிள்ளும் இலை அதே இலை அல்ல.

செம்பனை முள்ளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே சின்னப் புள்ளி மாதிரி தெரியும். உள்ளே முள்ளின் நுனி முறிந்து தங்கியிருக்கலாம். விரல் மூட்டில் ஏறினால் வாரக்கணக்கில் வீங்கும். அதன் மேல் பற்றுப் போட்டு மூடுவது பிரச்சினையைத் தள்ளிப்போடுவதுதான்.

இனிப்பு நீர் இருந்தால்...

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 2023 ஆய்வில் அது 15.6 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் இது அதிகம். இந்த எண்ணிக்கை நம் வீடுகளைப் பற்றியது.

நீரிழிவு நாளடைவில் காலின் உணர்ச்சியைக் குறைக்கும். முள் ஏறியதே தெரியாது. ரத்த ஓட்டமும் குறைவதால் காயம் ஆறாது. "சின்னப் புண்ணுதான், பச்சிலை வச்சிருக்கேன்" என்று ஒரு வாரம் போகும், இரண்டு வாரம் போகும். கடைசியில் விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை வரலாம். பச்சிலை கெடுதல் செய்ததால் அல்ல. அது வாங்கிக்கொண்ட நாள்களால்.

ஆறாத புண்ணுக்குச் சித்த மருத்துவத்திலும் மருந்து உண்டு. ஊமத்தை இலைச் சாறு, தேங்காய் எண்ணெய், மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சும் மத்தன் தைலம் அப்படிப்பட்டது. ஊமத்தை விஷச் செடி; மயில்துத்தம் செம்பு உப்பு. பயிற்சி பெற்றவர் அளவறிந்து செய்ய வேண்டியதை, வீடியோ பார்த்து வீட்டில் காய்ச்சக் கூடாது.

"இயற்கைதானே, என்ன கெடுதல்?"

1981இல் கோலாலம்பூர் மருத்துவர்கள் லான்செட் மருத்துவ இதழில் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டார்கள். வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட இந்தியக் குழந்தைகளுக்கு வாந்தி, மயக்க நிலை, வலிப்பு வந்ததை அது விவரித்தது. கொடுத்தவர்கள் அன்போடு கொடுத்ததுதான். வெளியே பூசுவதற்கு உதவும் பொருள் உள்ளே போனால் நஞ்சாகலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே கிடைத்த பாடம் இது.

காயத்தின் மேல் வைக்கவே கூடாத பொருள்கள்:

• சாணம், மண், அடுப்புச் சாம்பல்: டெட்டனஸ் ஆபத்து.
• சிலந்தி வலை, காப்பித்தூள்: காயத்துக்குள் அழுக்கு தங்கும், தையல் போட வந்தால் சுத்தம் செய்வதும் சிரமம்.
• சுண்ணாம்பு: காரத்தன்மையால் தோலை வேகவைக்கும்.
• மண்ணெண்ணெய்: தோலை எரிக்கும்.
• தீக்காயத்தில் பற்பசை, வெண்ணெய்: சூட்டை வெளியேற விடாது. 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுவதே சரி.

சரி, வெட்டுப்பட்டால் என்ன செய்வது?

1. கையைக் கழுவுங்கள். சுத்தமான துணியால் காயத்தை 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள்.
2. ரத்தம் நின்றதும் ஓடும் குழாய்த் தண்ணீரில் 5 முதல் 10 நிமிடம் கழுவுங்கள். சுற்றியுள்ள தோலுக்குச் சோப்புப் போடலாம்.
3. கண்ணுக்குத் தெரியும் மண்ணை எடுத்துவிடுங்கள். ஆழமாக ஏறியிருப்பதைத் தோண்டாதீர்கள்.
4. சுத்தமான கட்டுப் போடுங்கள். நனைந்தால் மாற்றுங்கள். தினமும் ஒரு முறை பாருங்கள்.

பச்சிலைக்கு இதில் இடம் உண்டா? தோல் மட்டும் சிராய்த்த, கழுவிச் சுத்தமான, கையளவுக்கும் குறைந்த மேலோட்டமான காயத்துக்கு, வீட்டுத் தொட்டியில் மருந்தடிக்காமல் வளர்த்த இலையை நன்கு கழுவிப் பயன்படுத்துவதால் பெரும்பாலானோருக்குக் கெடுதல் வராமல் போகலாம். ஆனால் சோப்பும் தண்ணீரும் கட்டும் கையில் இருக்கும்போது அது தேவையுமில்லை. வழியில் எதுவுமே இல்லாதபோது செய்ததை, எல்லாம் இருக்கும்போதும் செய்ய வேண்டியதில்லை.

உடனே கிளினிக்குப் போக வேண்டிய நேரம்:

• 10 நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை.
• காயம் வாய் பிளந்து நிற்கிறது, அல்லது விரலை அசைக்க முடியவில்லை, மரத்துப்போகிறது.
• முள், ஆணி குத்தியது, நாய், பூனை, குரங்கு கடித்தது.
• சுற்றிலும் சிவப்பு பரவுகிறது, சூடு, சீழ், நாற்றம்.
• காய்ச்சல் வருகிறது. சில நாள் கழித்து வந்தாலும் காயத்தைப் பற்றி மருத்துவரிடம் சொல்லுங்கள்.
• நீரிழிவு உள்ளவருக்குக் காலில் எந்தக் காயமும்.

அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் மலேசியர்களுக்கு வெளிநோயாளி கட்டணம் 1 ரிங்கிட்தான். ஏற்கெனவே பச்சிலை வைத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்; என்ன இலை என்று தெரிந்தால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். திட்டுவார்களோ என்று பயந்து சொல்லாமல் விடுவதுதான் சிக்கல்.

கடையில் வாங்கும் தைலம், களிம்பு

மலேசியாவில் விற்கும் பாரம்பரிய மருந்துகள் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வில் பதிவாக வேண்டும். புட்டியில் 'எம்.ஏ.எல்' என்று தொடங்கும் எண் இருக்கும். பாரம்பரிய மருந்தானால் அது 'டி' என்ற எழுத்தில் முடியும். ஹோலோகிராம் ஒட்டும் பாருங்கள். எண்ணை என்.பி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் தட்டிச் சரிபார்க்கலாம். சித்த, ஆயுர்வேத சிகிச்சை அளிப்பவர்களுக்கும் 2016ஆம் ஆண்டு பாரம்பரிய மற்றும் துணை மருத்துவச் சட்டம் இருக்கிறது.

வேலையிடத்தில் வெட்டுப்பட்டதா? சொல்லிவிடுங்கள்

இலையை வைத்துக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்வது பழைய பழக்கம். ஆனால் வேலையில் பட்ட காயத்துக்கு பெர்கேசோ பாதுகாப்பு உண்டு. முதலாளிக்குத் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அவர் பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். 2019 முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும். சின்ன வெட்டு பின்னால் பெரிதானால், முதல் நாளில் பதிவு இல்லாதது உங்களுக்குத்தான் நஷ்டம். கிராணியிடமோ மேற்பார்வையாளரிடமோ அன்றே சொல்லுங்கள். கிளினிக் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

இந்த அறிவை என்ன செய்வது?

சிரம்பான் 2, ஸ்ரீ செண்டாயான் போன்ற குடியிருப்புகள் எழுந்த நிலத்தில் ஒரு காலத்தில் தோட்டங்கள்தான் இருந்தன. தோட்டம் போனதோடு செடியும் போனது. செடியின் பெயர் தெரிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள். இங்கே பணியாற்றிய தாவரவியலாளர் பர்க்கில், மலாயாவில் மக்கள் பயன்படுத்திய தாவரங்களை ஒரு பேரகராதியாகத் தொகுத்து 1935இல் வெளியிட்டார். அந்த வேலையை இன்று கைப்பேசி வைத்திருக்கும் யாரும் தன் வீட்டளவில் செய்யலாம்.

அடுத்த முறை பாட்டி வீட்டுக்குப் போகும்போது அந்தச் செடியைக் காட்டச் சொல்லுங்கள். இலை, பூ, தண்டு மூன்றையும் படமெடுங்கள். வீட்டில் வழங்கும் பெயர், மலாய்ப் பெயர், எந்தத் தோட்டத்தில், எதற்காக, எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படியே பாட்டி கடைசியாக எப்போது ரத்தத்தில் இனிப்புப் பார்த்தார், பாதத்தில் புண் ஏதும் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.